பாட்டியின் பெயர் பத்திரத்தில் இருக்கிறதா? குடும்ப வரலாறு தேடுவோருக்குப் பதிவுத்துறைச் சேவை எவ்வளவு உதவும்

தமிழ்நாடு பதிவுத்துறையின் வில்லங்கச் சான்றுச் சேவை, நிலம் வாங்குபவர்கள் வில்லங்கம், அதாவது அந்த நிலத்தின் மேல் பதிவான விற்பனை, கடன் முதலியவற்றைப் பார்ப்பதற்காக உருவானது. ஆனால் தமிழ்நாட்டில் 1900-க்கும் 1960-க்கும் இடையில் பிறந்து, வேலைக்கோ பொதுவாழ்வுக்கோ போகாமல், வீட்டிலும் வயலிலும் வாழ்ந்து முடித்த ஒரு பெண்ணைக் காகிதத்தில் கண்டுபிடிக்க வேண்டுமானால், இதைவிட நல்ல இடம் வேறில்லை. அவள் குடும்பத்துக்குக் கையகலமாவது நிலமோ வீடோ இருந்திருக்க வேண்டும். அந்த ஒரு நிபந்தனை பெரிய நிபந்தனைதான், அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம்.

மற்ற வழிகள் ஏன் கைகொடுப்பதில்லை என்று முதலில் பார்த்துவிடலாம். இங்கிலாந்தில் 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுவாரிப் படிவங்களை 2022-இல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். அங்கே கொள்ளுப்பாட்டியைத் தேடுவோர் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-வது பிரிவு தனிநபர் விவரங்களை யாரும் பார்வையிட முடியாது என்று அடைத்துவிட்டது. பழைய பிறப்புப் பதிவேட்டில் குழந்தையின் பெயர் இருக்க வேண்டிய கட்டம் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். தகப்பன் பெயர், ‘பெண்’ என்ற குறிப்பு, அவ்வளவுதான். திருமணப் பதிவு தமிழ்நாட்டில் எல்லோருக்கும் கட்டாயமானது 2009 சட்டத்துக்குப் பிறகு. பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவேட்டில் பிறந்த தேதி இருக்கும், ஆனால் சேர்க்க வசதியாக ஜூன் மாதத்துத் தேதி ஒன்றை வாத்தியாரே போட்டிருப்பார். எஞ்சியிருப்பது பத்திரம். பத்திரத்தில் பொய்ப்பெயர் எழுதினால் சொத்து செல்லாது என்ற பயம் இருந்ததால், பெயர், தகப்பன், புருஷன், ஊர் நான்கையும் கவனமாக எழுதினார்கள்.

பதிவுத்துறையின் இணையதளமான டிஎன்ரெஜிநெட் தளத்தில் ‘மின்னணு சேவைகள்’ பகுதிக்குள் வில்லங்கச் சான்று பார்வையிடும் பக்கம் இருக்கிறது. மண்டலம், மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம், தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண் என்று வரிசையாகக் கேட்கும். கொடுத்தால் அந்த நிலத்தின் மேல் நடந்த பதிவுகள் எல்லாம் பிடிஎஃப் கோப்பாக வரும். பார்ப்பதற்குக் கட்டணமில்லை, கையொப்பமிட்ட சான்று வேண்டுமென்றால்தான் பணம். எந்த அலுவலகத்துக்குள் உங்கள் கிராமம் வருகிறது என்று தெரியாவிட்டால் அதே தளத்தில் கிராமப் பெயரைக் கொடுத்து அறியலாம். சர்வே எண் தெரியாவிட்டால் வீட்டிலிருக்கும் பட்டா, தீர்வை (நிலவரி) ரசீது, கூட்டுறவுக் கடன் புத்தகம் எதிலாவது இருக்கும். வருவாய்த்துறையின் இணையச் சேவையில் பட்டா எண்ணைக் கொண்டு சிட்டாவும் அ-பதிவேடும் (எந்த நிலம் யார் பெயரில் என்று காட்டும் வருவாய்க் கணக்குகள்) பார்க்கலாம்.

இந்தச் சேவையின் பெரிய குறை இங்கேதான் இருக்கிறது: வில்லங்கப் பக்கத்தில் ஆளின் பெயரை வைத்துத் தேட முடியாது. நிலத்தை வைத்தோ ஆவண எண்ணை வைத்தோதான் தேடலாம். நிலம் வாங்குபவருக்கு அது போதும், பாட்டியைத் தேடுபவருக்குப் போதாது. ஆகவே தேடலைத் தலைகீழாகப் போட வேண்டும். அவளுடைய தகப்பன், அண்ணன் தம்பி, புருஷன், மகன்கள் கையில் இருந்த நிலங்களின் சர்வே எண்களை முதலில் திரட்டிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஈசி (வில்லங்கச் சான்று) போட்டு, அதில் பெண் பெயர் எங்கே வருகிறது என்று பார்க்க வேண்டும். புகுந்த வீட்டு நிலத்தை மட்டும் தேடிவிட்டு விட்டுவிடுபவர்கள் அதிகம். பிறந்த வீட்டு நிலத்தில்தான் அவள் அதிகம் அகப்படுவாள்.

இணையத்தில் கிடைப்பது பெரும்பாலான அலுவலகங்களில் 1975 முதலான பதிவுகள். அதற்கு முந்தையதற்கு அலுவலகத்தில் நேரில் மனுப் போட்டுக் கையால் தேடும் வில்லங்கம் வாங்க வேண்டும். மேனுவல் ஈசி என்பார்கள். இங்கே ஒரு நல்ல செய்தி இருக்கிறது. 1908 பதிவுச் சட்டத்தின் 55-வது பிரிவுப்படி ஒவ்வொரு அலுவலகமும் முதலாம் அட்டவணை என்று ஒன்று வைத்திருக்கிறது. அது எழுதிக்கொடுத்தவர், எழுதி வாங்கியவர் பெயர்களால் ஆனது. இரண்டாம் அட்டவணை சொத்தால் ஆனது. 57-வது பிரிவு, உரிய கட்டணத்தின் பேரில் முதலாம் புத்தகத்தின் (நிலம், வீடு சம்பந்தமான பத்திரங்களின் பதிவேடு) அட்டவணைகளை யார் வேண்டுமானாலும் பார்வையிடலாம் என்கிறது. கணினியில் இல்லாத பெயர்த் தேடல், மூலையில் அடுக்கிய பழைய அட்டவணையில் இருக்கிறது. மனுவில் ‘பெயர் அட்டவணையில் தேட வேண்டும்’ என்று தெளிவாக எழுதி, பெயரின் எல்லா வடிவங்களையும், ஐந்து ஐந்து ஆண்டுகளாகக் காலவரம்பையும் கொடுங்கள். ‘1930 முதல் 1970 வரை’ என்று மொத்தமாகக் கேட்டால் தேடுபவர் சலித்து மேலோட்டமாகப் பார்த்துவிட வாய்ப்புண்டு.

ஈசியில் எந்த வரியைப் பார்ப்பது? ஆவண எண், எழுதிய நாள், பதிவு நாள், தன்மை, எழுதிக்கொடுத்தவர், எழுதி வாங்கியவர், தொகுதியும் பக்கமும், கைமாற்றுத் தொகை, முந்தைய ஆவண எண், நான்கெல்லை என்று கட்டங்கள் இருக்கும். வாங்குபவர்கள் கிரையத்தை (விற்பனையை)ப் பார்ப்பார்கள். நீங்கள் ‘தன்மை’ என்ற கட்டத்தில் விடுதலை (பங்கை விட்டுக்கொடுப்பது), பாகப்பிரிவினை, செட்டில்மெண்ட் (குடும்பத்துக்குள் எழுதிவைப்பது), ஜீவனாம்சம் (பராமரிப்புக்குக் கொடுப்பது) என்ற நான்கு சொற்களைத் தேடுங்கள். சாதாரணப் பெண் நிலம் வாங்கியது குறைவு. அவள் கைநாட்டு வைத்தது பெரும்பாலும் தன் பங்கை விட்டுக்கொடுத்தபோதுதான்.

இதற்குக் காரணம் சட்டத்தின் போக்கு. 1956 ஜூன் 17-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் மகன்கள் இருக்கும் வீட்டில் தகப்பன் இறந்தால் மகள்களுக்குப் பங்கில்லை, ஆகவே அவர்கள் கையெழுத்தும் தேவைப்படவில்லை. அதற்குப் பின், தகப்பனின் சொத்தில் அவரவர் வாரிசுப் பங்கு வந்ததால், அண்ணன் தம்பிகள் நிலத்தை விற்கவோ தங்கள் பெயருக்கு மாற்றவோ போனால் அக்காள் தங்கை எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று. 1940-ஆம் வருஷத்துப் பத்திரத்தில் ஆண்கள் நால்வர் மட்டும் இருப்பார்கள். அதே குடும்பத்தின் 1965-ஆம் வருஷத்துப் பத்திரத்தில் அந்த நால்வரோடு ஐந்து பெண்களும், அவர்கள் வாக்கப்பட்ட ஊர்களும், புருஷன் பெயர்களும் வந்து நிற்கும். தமிழ்நாடு 1989-இல் கொண்டுவந்த திருத்தம், 1989 மார்ச் 25-க்கு முன் திருமணமாகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்திலும் பிறப்புரிமை கொடுத்தது. அதனால் எண்பதுகளின் கடைசியிலிருந்து விடுதலைப் பத்திரங்களில் மகள்களின் திருமண விவரம் இன்னும் தெளிவாக வரும். யாருக்கு எப்போது கல்யாணம் ஆனது என்பது சட்டப்படி முக்கியமான கேள்வியாகிவிட்டதல்லவா.

ஈசியில் வரி கிடைத்ததும் பலர் அதோடு நின்றுவிடுகிறார்கள். ஈசி வெறும் சுட்டிதான். சான்றிட்ட நகலுக்கு மனுப் போடுங்கள். ஆவண எண், ஆண்டு, அலுவலகம் மூன்றும் இருந்தால் தளத்திலேயே விண்ணப்பித்துப் பணம் கட்டலாம். முழுப் பத்திரத்தையும் படித்தால்தான் ஆள் தெரிவாள்.

ஒரு விடுதலைப் பத்திரத்தை எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் ஆங்கிலத் தேதியும் தமிழ் வருஷம் மாதமும் இருக்கும். அடுத்து, இன்ன ஊரிலிருக்கும் இன்னாருக்கு, இன்ன ஊரிலிருக்கும் இன்னார் மனைவியும் காலஞ்சென்ற இன்னார் குமாரத்தியுமான இன்னாள் எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரம் என்று வரும். இந்த ஒரே வாக்கியத்தில் பிறந்த வீடு, புகுந்த வீடு, இரண்டு ஊர், தகப்பன் உயிரோடில்லை என்ற செய்தி எல்லாம் அடங்கிவிடும். அடுத்த பத்தியில் சொத்து எப்படி வந்தது என்ற வரலாறு: தாத்தா இன்ன வருஷம் கிரையம் வாங்கியது, ஆவண எண், தகப்பன் இறந்த தேதி, தாய் அவருக்கு முன்பே போய்விட்டாளா பின்பா. இறப்புப் பதிவே கிடைக்காத ஊர்களில் இந்தப் பத்திக்கு ஈடான ஆதாரம் வேறில்லை. பிறகு ‘என் கலியாணத்துக்குச் செய்த சீர், நகை முதலியவற்றை உத்தேசித்தும், இன்று ரொக்கம் பெற்றுக்கொண்டதை உத்தேசித்தும்’ என்ற ரீதியில் பிரதிப்பிரயோசனம், அதாவது பங்கை விடுவதற்குப் பெற்ற ஈடு, வரும். கடைசியில் சாட்சிகள், அதில் ஒருவர் பெரும்பாலும் அவள் புருஷனோ மூத்த மகனோ. பத்திரம் எழுதியவர் பெயர் அதற்கும் கீழே.

பின்பக்கத்துச் சார்பதிவாளர் குறிப்பை யாரும் படிப்பதில்லை, அதைத்தான் முதலில் படிக்க வேண்டும். பத்திரத்தை யார் தாக்கல் செய்தது, எத்தனை மணிக்கு, எழுதிக்கொடுத்தவள் கையெழுத்துப் போட்டாளா, இடதுகைப் பெருவிரல் ரேகை வைத்தாளா, அவளை அடையாளம் காட்டியவர்கள் யார், அவர்கள் தகப்பன் பெயர், ஊர், தொழில் என்ன என்று அதில் இருக்கும். அடையாளம் காட்டியவர் பிறந்த வீட்டு உறவினராக இருப்பது சகஜம்; பாட்டியின் தாய்மாமன் பெயர் இப்படித்தான் பல குடும்பங்களில் கிடைக்கிறது. உடல்நிலை முடியாதவர்களுக்கும், நீதிமன்றத்தில் நேரில் தோன்றுவதிலிருந்து சட்டம் விலக்களித்த பெண்களுக்கும், பதிவுச் சட்டத்தின் 38-வது பிரிவுப்படி வீட்டுக்கே போய்ப் பதிவு செய்தார்கள். அப்படியானால் குறிப்பில் வீடு இருந்த தெரு எழுதியிருக்கும். பழைய தொகுதிகளில் இருப்பது எழுத்தர் கையால் பார்த்து எழுதிய நகல் என்பதால், அதில் அவள் ரேகையே இருக்காது, ரேகை வைத்தாள் என்ற சொல்தான் இருக்கும். ரேகையைப் பார்க்க வேண்டுமென்றால் மூலப் பத்திரம் யார் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது என்று விசாரிக்க வேண்டும்.

1956-க்கு முந்தைய விதவைகளின் பத்திரங்கள் தனி ரகம். புருஷன் சொத்து கைக்கு வந்தாலும் விதவைக்கு அது வாழ்நாள் அனுபவத்துக்கு மட்டும் என்றிருந்தது. சட்டம் ஏற்கும் அவசியம் இருந்தால்தான் விற்கலாம். அதனால் விற்கும்போது அவசியம் என்னவென்று பத்திரத்தில் விவரமாக எழுதினார்கள்: புருஷன் வைத்த புரோநோட்டுக் கடன், அவர் மருத்துவச் செலவு, கருமாதிச் செலவு, மகள் கல்யாணம், தீர்வை பாக்கி. கடன் கொடுத்தவர் பெயரும் தொகையும்கூட இருக்கும். ஒரு பெண் முப்பது வயதில் எந்தெந்தப் பாரத்தைத் தலையில் சுமந்தாள் என்பதற்கு இவ்வளவு நேரடியான எழுத்து வேறு எங்கும் கிடைக்காது. ஆனாலும் ஒரு எச்சரிக்கை. வாங்குபவர் பின்னால் வழக்கு வராமலிருக்க, பத்திரம் எழுதுபவரை வைத்து அவசியங்களைக் கூட்டி எழுதச் சொல்வதும் உண்டு. தொகையும் ஆள் பெயரும் சேர்ந்து வரும் அவசியத்தை நம்பலாம். ‘குடும்பச் செலவுக்காக’ என்று பொதுவாக வருவதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். 1956 சட்டத்தின் 14-வது பிரிவு, விதவைகளின் அந்த வாழ்நாள் உரிமையைப் பொதுவாக முழு உரிமையாக்கியது. அதற்குப் பின் ‘எனக்கு முழுப் பாத்தியமான’ என்ற தொனியில் அவர்கள் எழுதிக்கொடுப்பதைப் பார்க்கலாம்.

பிள்ளைகளின் வயதுக்கும் விதவைப் பத்திரம்தான் சாவி. மைனர் மகன்களுக்குத் தாயும் கார்டியனுமாக அவள் எழுதிக்கொடுக்கும்போது ஒவ்வொரு மைனருக்கும் ‘சுமார் வயது 9’, ‘சுமார் வயது 4’ என்று போடுவார்கள். பெரியவர்களின் வயது இருபத்தைந்து, நாற்பது என்று முழு எண்ணுக்கு உருட்டப்பட்டிருக்கும்; மைனர் வயதோ பெரும்பாலும் ஓரிரு ஆண்டுக்குள் சரியாக இருக்கும். மூத்த குழந்தையின் வயதைக் கழித்தால் அவள் கல்யாண காலம் ஏறக்குறையத் தெரிந்துவிடும்.

அவள் பெயரில் நேராக ஒரு பத்திரமும் இல்லாவிட்டாலும், பக்கத்து நிலத்துப் பத்திரத்தின் செக்குபந்தியில் (நான்கெல்லை விவரத்தில்) இருக்கலாம். ‘இன்னார் மனைவி இன்னாள் புஞ்சைக்கு மேற்கு’ என்று வந்தால், அந்த வருஷம் அந்த நிலம் அவள் அனுபவத்தில் இருந்ததற்கு அது சான்று. சுற்றியுள்ள நான்கு சர்வே எண்களுக்கும் ஈசி போட்டுப் பார்ப்பது இதற்காகத்தான். ஒன்றும் கிடைக்காத இடத்தில் இதில் கிடைத்துவிடும்.

அவள் பெயருக்குக் கிரையம் இருக்கிறது என்றவுடன் சொந்தப் பணத்தில் வாங்கினாள் என்று முடிவு கட்டாதீர்கள். கடன்காரர்களுக்குப் பயந்தும், நில உச்சவரம்புக்குப் பயந்தும் மனைவி பெயரில் வாங்கியவர்கள் உண்டு. பணம் எங்கிருந்து வந்தது என்று பத்திரம் சொல்கிறதா பாருங்கள். ‘தாய் வீட்டு நகையை விற்ற பணத்தில்’ என்ற வகையில் ஒரு வரி இருந்தால் அதைப் பொன்போலக் குறித்துவைக்கலாம்.

இனி, எங்கெல்லாம் தேடல் உடைகிறது என்பது. முதலாவது சர்வே எண். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம், ஊர்ப்பக்கம் யூடிஆர் என்பார்கள், பட்டாக்களையும் உட்பிரிவுகளையும் புதுப்பித்தது. இன்றைய பட்டாவில் 112/3பி என்றிருப்பது பழைய பத்திரத்தில் வெறும் 112 ஆகவோ முற்றிலும் வேறு எண்ணாகவோ இருக்கலாம். இன்றைய உட்பிரிவு எண்ணைக் கொடுத்து 1975-ஆம் வருஷத்து ஈசி தேடினால் ‘பதிவு இல்லை’ என்று வரும், அது உண்மையில்லை. உட்பிரிவை விட்டுவிட்டு முழு எண்ணுக்குத் தேடுங்கள். அதிலும் வராவிட்டால் வட்டாட்சியர் அலுவலகத்தில் பழைய எண், புதிய எண் ஒப்பீட்டுப் பட்டியலைக் கேளுங்கள். நகரத்துச் சொத்தானால் வார்டு, பிளாக், டவுன் சர்வே எண் மூன்றும் வேண்டும்; கதவு எண்ணை நம்பவே கூடாது.

இரண்டாவது நத்தம், அதாவது ஊரின் குடியிருப்பு நிலம். ஏழைக் குடும்பத்துக்கு இருந்த ஒரே சொத்து ஊர் நத்தத்தில் ஒரு குடிசை மனை என்றால், பழைய பத்திரத்தில் நத்தம் முழுவதற்குமான ஒரே சர்வே எண்ணும் நான்கெல்லையும்தான் இருக்கும். அந்த எண்ணுக்கு ஈசி போட்டால் ஊரிலுள்ள மனைகள் எல்லாம் நூற்றுக்கணக்கில் கொட்டும். பொறுமையாக எல்லைக் கட்டத்தைப் படித்து ஆளைப் பொறுக்கி எடுப்பதைத் தவிர வழியில்லை. தெருவின் பழைய பெயரும், பக்கத்து வீட்டுக்காரர்களின் தாத்தா பெயரும் தெரிந்திருந்தால் வேலை பாதியாகும்.

மூன்றாவது, அலுவலகப் பிரிவு. பெரிய சார்பதிவகங்கள் காலப்போக்கில் இரண்டு மூன்றாகப் பிரிந்தன. உங்கள் கிராமம் இன்று இருக்கும் அலுவலகம் 1985-இல் உருவானதென்றால், 1950-ஆம் வருஷத்துத் தொகுதி தாய் அலுவலகத்தில் இருக்கும். நேரில் போகும்போது முதல் கேள்வியாக, இந்தக் கிராமம் எந்த ஆண்டு முதல் இந்த அலுவலகத்தில் இருக்கிறது என்று கேளுங்கள்.

நான்காவது, பதிவே ஆகாத பரிவர்த்தனைகள். பதிவுச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி 100 ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள கிரையத்தையும் ஈட்டையும் (அடமானத்தையும்) பதிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 1920-களில் 100 ரூபாய் என்பது பெரிய தொகை; சிறு குடும்பங்களின் கொடுக்கல் வாங்கல் பல இதற்குக் கீழேயே முடிந்துவிட்டன. வாய்மொழிப் பாகமும் அப்படியே. தானப் பத்திரத்துக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது, மதிப்பு எவ்வளவானாலும் பதிய வேண்டும். ஆகவே தகப்பன் மகளுக்குச் சின்னத் துண்டு நிலம் எழுதிவைத்திருந்தால் அது பதிவில் இருக்க நல்ல வாய்ப்புண்டு.

ஐந்தாவது பெயர். ஜாதகத்தில் ஒன்று, கூப்பிட ஒன்று, புகுந்த வீட்டில் வேறொன்று என்று மூன்று பெயரோடு வாழ்ந்தவர்கள் அவர்கள். அம்மாள், ஆயி, ஆத்தாள், ஆச்சி என்று பின்னொட்டும் ஊருக்கு ஊர், பத்திரத்துக்குப் பத்திரம் மாறும். ‘மீனாட்சி என்கிற சின்னப்பொண்ணு’ என்ற வகையில் ‘என்கிற’ போட்டு எழுதிய ஒரு பத்திரம் கிடைத்தால் இரண்டு பெயர்களையும் ஒரே ஆளாக்கிவிடலாம். அதற்கு முன் ஒரே பெயர்கொண்ட இருவரை ஒருவராக ஆக்கிவிடாதீர்கள். கணவன் பெயர், ஊர், தகப்பன் பெயர் மூன்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போக வேண்டும். கணினியில் ஏற்றியபோது விழுந்த எழுத்துப் பிழைகளும் உண்டு. ர, ற குழப்பமும் ன, ண குழப்பமும் சாதாரணம்.

பழைய தொகுதியைப் படிப்பது தனிப் பயிற்சி. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, னா, றா வடிவங்கள் கொஞ்சம் தடுக்கும், இரண்டு பக்கம் படித்தால் பழகிவிடும். ௸ என்ற குறியைப் பார்த்தால் மேற்படி என்று படியுங்கள். ௳ நாள், ௴ மாதம், ௵ வருஷம், ௹ ரூபாய். தமிழ் வருஷத்தை ஆங்கில ஆண்டோடு ஒத்துப்பார்க்க, பிரபவ 1927-28 என்று மனதில் வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் எண்ணலாம். 1938 ஆடி என்றால் வெகுதான்ய. பத்திரத்தில் வேறு பெயர் இருந்தால் ஆண்டைத் தவறாகப் படித்திருக்கிறீர்கள்.

வீட்டில் அவள் ஜாதகம் இருந்தால் இதே கணக்கு பிறந்த தேதிக்கும் பயன்படும். குரோதன வருஷம் ஆவணி என்றால் 1925 ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை பெயர் திரும்பி வருமே என்ற சந்தேகத்தை, பத்திரத்து வயது தீர்த்துவிடும். கிழமையும் நட்சத்திரமும் குறித்திருந்தால் அந்த மாதத்தில் அவை இரண்டும் சேரும் நாள் ஒன்றோ இரண்டோதான், பழைய பஞ்சாங்கத்தில் சரிபார்க்கலாம்.

உயில் தேடுபவர்கள் கவனிக்க வேண்டியது: உயில் மூன்றாம் புத்தகத்தில் பதிவாகும், ஈசியில் வராது. எழுதியவர் இறந்த பிறகு யார் வேண்டுமானாலும் நகல் கேட்கலாம். இறப்புச் சான்று இணைக்க வேண்டும். தத்தெடுக்க அதிகாரம் கொடுக்கும் சுவீகார அதிகாரப் பத்திரமும் அதே புத்தகத்தில்தான். நான்காம் புத்தகத்து (பலவகை) ஆவணங்களின் நகல் சம்பந்தப்பட்டவர்களுக்கும் அவர்களின் பிரதிநிதிகளுக்கும் மட்டும். ஆகவே வாரிசு என்பதற்கான சான்றைக் கையோடு கொண்டுபோங்கள்.

மொத்தத்தில் எங்கள் மதிப்பீடு இது. 1956 முதல் நூற்றாண்டு முடிவு வரை, 1975-க்கு முந்தையதை நேரில் தேட வேண்டியிருந்தாலும், இந்தச் சேவை அருமையாக உதவும். 1920 முதல் 1956 வரை, நேரில் போய்க் கையால் தேடும் பொறுமை இருந்தால் உதவும். விதவையாக வாழ்ந்த பெண்ணானால் நன்றாகவே உதவும். அதற்கும் முன்னால் கிடைப்பதெல்லாம் அதிர்ஷ்டம். கட்டணம் நியாயமானது, தளத்தின் தமிழ்ப் பக்கம் புரியும்படி இருக்கிறது. பெயர் அட்டவணையைக் கணினியில் ஏற்றி, குறைந்தது 1950-க்கு முந்தைய ஆண்டுகளுக்காவது பெயரால் தேடவிட்டால், தமிழ்ப் பெண்களின் வரலாற்றுக்கு இந்தத் துறை செய்யும் மிகப்பெரிய உதவியாக அது இருக்கும்.

யாழ்ப்பாணத்து வேருள்ளவர்களுக்கு நிலைமை இதைவிட நல்லது. தேசவழமை என்ற அங்குள்ள வழக்குச் சட்டப்படி பெண்ணுக்குச் சீதனமாக நிலமும் வீடும் அவள் பெயரிலேயே எழுதப்பட்டதால், சீதன உறுதியே (பத்திரமே) அவள் வாழ்க்கைக் குறிப்பாக இருக்கிறது. தாயின் சீதனக் காணி மகளுக்கு, அவளிடமிருந்து அவள் மகளுக்கு என்று பெண்வழியே மூன்று தலைமுறை ஏறிப்போகலாம். அங்கே தேட வேண்டியது நொத்தாரிசு (நோட்டரி) எழுதிய உறுதியும் காணிப் பதிவகத்தின் பதிவேடும்.

நிலமே இல்லாத குடும்பங்களுக்கு இந்தச் சேவையால் பயனில்லை என்பதை மறைக்கக் கூடாது. பண்ணையாளாகவும் கூலியாகவும் இருந்தவர்கள், ஒதுக்கீட்டில் பெற்ற நிலத்தையும் இழந்தவர்கள், வாடகை வீட்டிலேயே வாழ்ந்தவர்கள் பதிவகத்துத் தொகுதியில் இருக்க மாட்டார்கள். அவர்களுக்கு வேறு காகிதங்கள் வேண்டும். தேவாலயத்து ஞானஸ்நானப் பதிவேடு இருந்தால் அது முதலிடம். தாயின் பெயரையும் எழுதுவார்கள். இலங்கைத் தோட்டத்திலிருந்து 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் திரும்பியவர்களானால் இந்தியக் கடவுச்சீட்டிலும் குடும்ப அட்டையிலும் பெயர், வயது, தோட்டம் இருக்கும். வாக்காளர் பட்டியலில் 2002, 2005 தீவிரத் திருத்தத்துப் பிரதிகளை இணையத்தில் பார்க்கலாம். 1930-களில் பிறந்து அப்போது உயிரோடிருந்தவர்கள் கணவன் பெயர், வீட்டு எண், வயதோடு கிடைப்பார்கள்.

பல குடும்பங்களில், நிலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு பொருள் இருக்கும்: மொய் நோட்டு. காதுகுத்து, கல்யாணம், கருமாதிக்கு வந்த ஒவ்வொருவரின் ஊர், பெயர், தொகை. பத்திரத்தில் ‘இன்ன ஊர் இன்னார் மனைவி’ என்று வரும் நாத்தனாரும் சித்தியும் எந்த ஊரில் வாக்கப்பட்டார்கள் என்பதை மொய் நோட்டின் ஊர்ப் பெயர்களோடு வைத்துப் பார்த்தால், எந்தச் சார்பதிவகத்தில் அடுத்து மனுப் போட வேண்டும் என்பது தெரிந்துவிடும். அலுவலகத்துக்குக் கிளம்பும் முன் அந்த நோட்டின் பக்கங்களைக் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். நோட்டை வெளியே கொண்டுபோக வேண்டாம், மை ஏற்கெனவே மங்கியிருக்கும்.